துருவல் பொறியின் சறுக்குத்தட உறைகள்: தொழில்நுட்ப வரலாறும் காலாப்பட்டுக் கடற்கரைச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்

பட்டறை வழக்கில் 'மில்லிங் மிஷின்' எனப்படும் துருவல் பொறியின் துல்லியம் அதன் சறுக்குத்தடங்களின் நிலையைச் சார்ந்தது. வெட்டும்போது உதிரும் உலோகச் சீவல்களும் தூசியும் அத்தடங்களைத் தேய்ப்பதைத் தடுக்கத் துடைப்பான், மடிப்புறை, தகட்டுறை ஆகியவை காலந்தோறும் உருவாயின. இவை பொறியின் துணைப்பொருள்களாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளன. தடத்தைக் காக்கும் பொறுப்பு தொழிலாளியின் கையிலிருந்து பொறியின் அமைப்புக்குப் படிப்படியாக மாறிய வரலாற்றையே இவ்வுறைகளின் வளர்ச்சி காட்டுகிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. உள்நாட்டுத் தொழில் நகரங்களை மனத்திற்கொண்டு உருவான இவ்வேற்பாடு, புதுச்சேரியின் காலாப்பட்டு போன்ற கடற்கரைப் பகுதியில் எத்தகைய மறுசிந்தனையைக் கோருகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: துருவல் பொறி, சறுக்குத்தடம், சீவல், துருத்தியுறை, தகட்டுறை, காலாப்பட்டு, தொழிற்பயிற்சி.

1. முன்னுரை

தமிழகத் தொழில் வரலாறு குறித்த ஆய்வுகள் ஆலைகள், முதலீடு, தொழிற்சங்கம் ஆகியவற்றை மையமாகக் கொண்டே பெரிதும் அமைந்துள்ளன. உற்பத்திக் கருவிகளின் உள்ளுறுப்புகள் அவ்வாய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஆயினும் ஒரு பட்டறையின் உழைப்பு முறை, பயிற்சி முறை, தவறுக்கு யார் பொறுப்பேற்பது என்னும் வழக்கம் ஆகியவை அத்தகைய சிறு உறுப்புகளிலும் பதிந்துள்ளன. அவ்வகையில் துருவல் பொறியின் சறுக்குத்தட உறை ஆய்வுக்குரிய ஒரு பொருளாகிறது.

காலாப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பகுதியாகும். தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்ட நிலப்பரப்பு இதனைச் சூழ்ந்துள்ளது. கிழக்கே வங்கக் கடல் எல்லையாகிறது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. சட்டமுறையான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவுற்றது. அதன்பின் உருவான கல்வி விரிவாக்கத்தில் காலாப்பட்டு முதன்மை பெற்றது. 1984-இல் புதுச்சேரிப் பொறியியல் கல்லூரி இதனை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் தொடங்கப்பெற்றது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழிப் புதுவைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அப்பொறியியல் கல்லூரி 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இதனால், கடலுக்கு மிக அருகில் உலோக வேலையைக் கற்பிக்கும் சூழல் இப்பகுதியில் அமைந்தது. இச்சூழலே இக்கட்டுரையின் இறுதிப் பகுதிக்கு அடிப்படையாகும்.

2. சொல்லும் பொருளும்

துருவல் பொறியில் பல பற்களையுடைய வெட்டுக்கருவி சுழல்கிறது. மேசையில் பிணைக்கப்பட்ட வேலைப்பொருள் அதனை நோக்கி நகர்கிறது. கடைசல் பொறியில் வேலைப்பொருள் சுழல்வதும் கருவி நகர்வதும் இதற்கு நேர்மாறான முறையாகும். கடைசல் என்னும் சொல் மரவேலை மரபிலிருந்தே தமிழுக்கு உரியது. துருவல் என்பது பாடநூல் வழியாகப் பொறியியலுக்கு வந்த சொல். பட்டறைகளில் இன்றும் 'லேத்து', 'மில்லிங்' என்னும் வழக்குகளே நிலவுகின்றன.

மேசை, அதனைத் தாங்கும் குறுக்குப் பலகை, அவ்விரண்டையும் ஏந்தி மேலும் கீழும் நகரும் முழங்கால் போன்ற தாங்கி ஆகிய மூன்றும் மூன்று திசைகளில் இயங்குகின்றன. ஒவ்வோர் இயக்கத்திற்கும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று சறுக்க வேண்டும். இப்பரப்புகளே சறுக்குத்தடங்கள். பட்டறையில் 'ஸ்லைடு' என்றும் 'கைடுவே' என்றும் வழங்குவன இவையே. இவற்றிடையே உள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரோமீட்டர் தடிப்பே உடையது. தடத்தின் நேர்த்தன்மை ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 0.02 மி.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. மனித மயிரின் தடிப்பு இதனினும் சில மடங்கு மிகுதி. எனவே கண்ணுக்குத் தெரியும் சிறு சீவலே இவ்வளவையில் பெரும்பொருளாகிறது.

தடத்தைக் காக்கும் அமைப்புகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, நகரும் பரப்பின் முனையில் பொருத்தப்பட்டுத் தடத்தை வழித்துச் செல்லும் துடைப்பான். இரண்டாவது, விரிந்து சுருங்கும் மடிப்புறை. மூன்றாவது, ஒன்றினுள் ஒன்று நுழையும் எஃகுத் தகட்டுறை. இரண்டாவது வகையைப் பட்டறையினர் 'பெல்லோஸ்' என்பர். அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் துருத்தி ஆகும். கொல்லன் உலையில் காற்றூதிய தோல் துருத்தி சங்கப் பாடல்களிலேயே இடம்பெறும் கருவி. காற்றை ஊதுவதற்கெனப் பிறந்த மடிப்பு வடிவம், தூசியைத் தடுப்பதற்குப் பயன்படும்போது அதனைத் துருத்தியுறை என வழங்குதல் பொருந்தும். இக்கட்டுரை அச்சொல்லையே கையாளுகிறது.

3. திறந்த தடங்களின் காலம்

1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லி உருவாக்கிய திருகுவெட்டும் கடைசல் பொறி, கருவியைக் கையால் பிடிக்கும் முறையை மாற்றிச் சறுக்கும் தாங்கியில் பொருத்தியது. கைத்திறனின் ஒரு பகுதி அதன்மூலம் தடத்தின் நேர்த்தன்மைக்கு மாற்றப்பட்டது. தடம் நேராக இருந்தால் மட்டுமே வேலை நேராக அமையும் என்னும் நிலை அப்போது தோன்றியது. மாட்ஸ்லியின் பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தில் உண்மையான சமதளங்களை உருவாக்கும் முறை பற்றிய கட்டுரையை வாசித்தார். பரப்புகளைத் தேய்த்து மெருகேற்றுவதை விடுத்து, உயர்ந்த புள்ளிகளை மட்டும் சுரண்டி நீக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். தேய்க்கும் தூள் எங்கு எவ்வளவு தேய்க்கும் என்பதைக் கட்டுப்படுத்த இயலாது என்பதே அவ்வலியுறுத்தலின் உட்பொருள். இக்கருத்து உறைகளின் வரலாற்றிற்கும் அடிப்படையானது. ஏனெனில் தடத்தில் புகும் சீவலும் தூசியும் யாரும் விரும்பாத தேய்ப்புத் தூளாகவே செயற்படுகின்றன.

துருவல் பொறியை எலி விட்னி 1818-இல் கண்டுபிடித்தார் என்னும் மரபுவழிக் கூற்றை ராபர்ட் உட்பரி போன்ற தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் மறுத்துள்ளனர். அமெரிக்கத் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் பலர் கைவழியே இப்பொறி படிப்படியாக உருவானது என்பதே இன்று ஏற்கப்படும் கருத்தாகும். 1862-இல் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தின் ஜோசப் பிரவுன் உருவாக்கிய அனைத்துப்பயன் துருவல் பொறி, துளைக்கருவிகளில் திருகுப் பள்ளங்களை வெட்டும் தேவையிலிருந்து பிறந்தது. தூண், முழங்கால் தாங்கி, மேசை என இன்று காணும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததாகும்.

இவ்வமைப்பே சீவல் சிக்கலையும் தன்னுள் கொண்டிருந்தது. கடைசல் பொறியில் சீவல் பெரும்பாலும் தொடர்ச்சியான சுருளாக வெளியேறும். துருவல் பொறியில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியே கடிப்பதால் சீவல் சிறு துண்டுகளாகச் சிதறுகிறது. வெட்டும் இடம் மேலே உள்ளது. குறுக்குப் பலகையின் தடமும் தூணின் செங்குத்துத் தடமும் அதற்குக் கீழே உள்ளன. எனவே புவியீர்ப்பே சீவலைத் தடத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. இருப்பினும் அக்காலக் கார்பன் எஃகுக் கருவிகள் மெதுவாகவே வெட்டின. சீவல் குறைவாகவும் வெப்பம் தணிந்தும் இருந்தது. தூரிகை, எண்ணெய்த் துணி, தடத்தின் முனையில் செருகிய கம்பளித் துண்டு ஆகியவை போதுமானவையாயின. அக்கால ஏற்பாட்டின் உண்மையான உறை தொழிலாளியின் கவனமே எனலாம்.

4. சீவலின் மாற்றமும் உறையின் வளர்ச்சியும்

இந்நிலையை மாற்றியது வெட்டுக்கருவிப் பொருளில் ஏற்பட்ட மாற்றமாகும். பிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டப்பெற்றது. வெட்டும் வேகம் பன்மடங்கு உயர்ந்தது. 1927-இல் லைப்சிக் சந்தையில் குருப் நிறுவனம் 'விடியா' என்னும் டங்ஸ்டன் கார்பைடுக் கருவியை அறிமுகப்படுத்தியபோது வேகம் மேலும் பெருகியது. சீவல்கள் மிகுந்த வெப்பத்துடன் தொலைவுக்குத் தெறித்தன. குளிர்நீர்மம் பெருமளவில் ஊற்றப்பட்டது. அது நுண்துகள்களை ஏந்திச் சென்று இடுக்குகளில் படியச் செய்தது. நிமிடத்திற்கு ஒருமுறை தூரிகையால் துடைத்தல் இயலாத செயலாயிற்று.

அதே காலத்தில் துல்லியம் அளவிடத்தக்க ஒப்பந்தப் பொருளாகவும் மாறியது. ஜெர்மனியில் ஜார்ஜ் ஷ்லெசிங்கர் 1927-இல் வெளியிட்ட பொறிக்கருவிச் சோதனை நூல், புதிய பொறி ஒன்று எந்தெந்த அளவுகளில் எவ்வளவு பிழையைக் கொண்டிருக்கலாம் என்பதை வரையறுத்தது. வாங்கும்போது பொறியின் துல்லியம் எண்ணாகப் பதிவானது. அதனால் தேய்மானமும் எண்ணாகத் தெரியத் தொடங்கியது. தடத்தைக் காத்தல் என்பது நல்ல பழக்கம் என்னும் நிலையிலிருந்து முதலீட்டைக் காத்தல் என்னும் நிலைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தேய்மானத்தின் இயல்பு இங்குக் கருதத்தக்கது. இரு பரப்புகளிடையே கடினமான துகள் சிக்கினால், அது மென்மையான பரப்பில் பதிந்து நின்று கடினமான பரப்பைத் தேய்க்கும். மெருகுத்தேய்ப்பின் அடிப்படை விதியும் இதுவே. எனவே தடத்தைக் கடினமாக்குவதால் மட்டும் சிக்கல் தீராது. மேலும், மேசை பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே இயங்குவதால் தேய்மானமும் அங்கேயே மிகுகிறது. நடுவில் தோன்றும் தளர்வைப் போக்க 'கிப்' எனப்படும் சரிசெய்யும் ஆப்பை இறுக்கினால், தேயாத முனைகளில் மேசை இறுகி நிற்கும். முனைகளுக்கு ஏற்பத் தளர்த்தினால் நடுவில் அதிரும். அந்நிலையை அடைந்த பொறியை மீண்டும் சுரண்டிச் சமன்செய்வதன்றி வேறு வழியில்லை. அவ்வேலை பல நாள் உழைப்பையும் அரிய கைத்திறனையும் கோருவது.

உறைப்பொருள்களின் வரலாறு வேதியியல் வரலாற்றோடு இணைந்தது. தோலும் தடித்த பருத்தித் துணியும் எண்ணெயை உறிஞ்சி விறைத்தன. இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறி உப்பியது. 1931-இல் டூபாண்ட் நிறுவனம் அறிவித்த நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் எண்ணெயைப் பெரிதும் தாங்கியது. நியோபிரீன் பூசிய துணியால் செய்த துருத்தியுறைகள் இதனால் இயன்றன. சூடான சீவல் துணியை எரித்துத் துளையிடும் இடங்களில் எஃகுத் தகட்டுறை பயன்பட்டது. அதன் ஒவ்வொரு தகட்டின் முனையிலும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் உதடு பொருத்தப்பட்டு, மேல்தகடு நகரும்போது கீழ்த்தகட்டை வழித்துச் செல்லும்.

முழுமையான மறைப்பைக் கட்டாயமாக்கியது எண்வழிக் கட்டுப்பாடு ஆகும். 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் செயல்விளக்கம் அளித்த எண்வழிக் கட்டுப்பாட்டுத் துருவல் பொறியில், ஒவ்வோர் அசைவையும் இயக்கும் மனிதக் கை அகற்றப்பட்டது. கை அகன்றபோது, வெட்டுகளுக்கிடையே தூரிகையால் துடைத்த செயலும் அகன்றது. பின்னர் சறுக்கும் பரப்புக்கு மாற்றாக உருளும் குண்டுகளைக் கொண்ட தடங்கள் வந்தன, ஜப்பானின் டி.எச்.கே. நிறுவனம் 1972-இல் அத்தகைய நேர்கோட்டு வழிகாட்டியை அறிமுகம் செய்தது. குண்டுகள் சுழலும் பாதையில் ஒரு சீவல் நுழைந்தால் தடம் மெல்லத் தேய்வதில்லை; சிதைகிறது. ஆகவே உறை விருப்பத்திற்குரியதாக இல்லாமல் பொறியின் பிரிக்கவியலாத உறுப்பாயிற்று.

5. இந்தியச் சூழல்

இந்திய அரசு 1953-இல் பெங்களூருவில் நிறுவிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் கடைசல் பொறிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. துருவல் பொறிகளுக்கு ஜெர்மனியின் பிரிட்ஸ் வெர்னர் நிறுவனத்தின் தொழில்நுட்பம் பெறப்பட்டது. எச்.எம்.டி. என்னும் மூன்றெழுத்து தென்னிந்தியப் பயிற்சிப் பட்டறைகளில் பொறிக்கே பெயராக நின்றது. 1962-இல் பெங்களூருவில் மத்திய பொறிக்கருவி நிறுவனம் உருவாக்கப்பட்டது. அது தயாரித்த பொறிக்கருவி வடிவமைப்புக் கையேடு இந்திய வடிவமைப்பாளர்களுக்கு அடிப்படை நூலாயிற்று.

தமிழகத்தில் இத்தொழிலின் வேர் கோயம்புத்தூரில் உள்ளது. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் கல்வியையும் உற்பத்தியையும் ஒரே கூரையின்கீழ் இணைத்தது. பஞ்சாலை இயந்திர உற்பத்திக்காக 1962-இல் நிறுவப்பட்ட லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், 1988-இல் கணினிவழிக் கட்டுப்பாட்டுப் பொறிக்கருவிகளை உற்பத்தி செய்யும் பிரிவைத் தொடங்கியது. சென்னையில் கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் சிறு உலோகப் பட்டறைகளைப் பெருக்கின. புதுச்சேரியிலோ 19-ஆம் நூற்றாண்டு முதல் பஞ்சாலைகளே நகரத்தின் பெருந்தொழிலாக விளங்கின. ரோடியர் ஆலை என்றறியப்பட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898-இல் தோன்றியதாகும். உலோக வெட்டு வேலை அங்குத் தனித்தொழிலாக விரிந்தது இணைப்புக்குப் பின்னைய தொழிற்பேட்டைகளின் காலத்திலேயே ஆகும்.

1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் பொறியாளும் திறனை முறைப்படுத்தின. அப்பயிற்சியில் வேலை முடிந்தபின் பொறியைத் துடைத்து எண்ணெயிடுதல் முதற்பாடங்களுள் ஒன்று. தடத்தின் பாதுகாப்பு மாணவரின் ஒழுக்கத்தோடு பிணைக்கப்பட்டது. மறுபுறம், பொறியியல் பட்டப்படிப்பில் அது வடிவமைப்பின் ஒரு பகுதியாகக் கற்பிக்கப்பட்டது; என். கே. மேத்தாவின் பொறிக்கருவி வடிவமைப்புப் பாடநூல், சறுக்குத்தடப் பாதுகாப்புச் சாதனங்களைத் தடங்களின் வடிவமைப்போடு இணைத்தே விளக்குகிறது. ஆகவே ஒரே பொருள் தொழிற்பயிற்சியில் ஒழுக்கமாகவும் பட்டப்படிப்பில் உறுப்பாகவும் இருவேறு நிலைகளில் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. பட்டறைத் தளத்தில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பு குறைவு.

சிறு பட்டறைகளில் மூன்றாவது வழி ஒன்று உருவானது. பொறியுடன் வந்த உறை கிழிந்தபின் ரெக்சின் துணி, பழைய லாரி ட்யூப், தார்ப்பாய் ஆகியவற்றை வெட்டித் தூணுக்கும் குறுக்குப் பலகைக்கும் இடையே தொங்கவிடுதல் பரவலான வழக்கம். இதனைத் தற்காலிக ஏற்பாடு என்று ஒதுக்குதல் பொருந்தாது. மடிப்பில்லாத தட்டையான திரையில் சீவல் தங்குவதில்லை, தேய்ந்தால் சில நிமிடங்களில் மாற்றலாம், கழற்றிக் கழுவலாம். அதன் குறைபாடு பொருளில் உள்ளது. ட்யூப் ரப்பர் எண்ணெயில் உப்பிச் சுருண்டு, ஓரங்களில் வழிவிடும். வடிவம் பொருத்தமானதாகவும் பொருள் பொருந்தாததாகவும் அமைந்த இவ்வேற்பாடு, உள்ளூர் அறிவின் வலிமையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது.

6. காலாப்பட்டு: மணலும் உப்பும்

மேற்கூறிய வரலாறு முழுவதிலும் தடத்தின் பகை வெட்டப்படும் உலோகத்தின் சீவலே ஆகும். பிராவிடன்ஸ், பெர்லின், பெங்களூரு, கோயம்புத்தூர் ஆகிய இடங்களில் உருவான பாதுகாப்பு முறைகள் பொறியின் உள்ளிருந்து வரும் சீவலை நோக்கியே அமைந்தன. காலாப்பட்டு போன்ற கடற்கரைப் பகுதியிலோ பட்டறைக்கு வெளியிலிருந்து வரும் இரண்டு பொருள்கள் அதனுடன் சேர்கின்றன.

முதலாவது மணல். கடற்கரை மணலின் பெரும்பகுதி குவார்ட்சு என்னும் கனிமம். மோஸ் அளவையில் அதன் கடினத்தன்மை 7 ஆகும். அது சாதாரண வார்ப்பிரும்புத் தடத்தைவிட மட்டுமன்றி, கடினமாக்கப்பட்ட எஃகுத் தடத்தைவிடவும் கடினமானது. சீவலைத் தாங்கும் கடினத் தடம் மணலைத் தாங்கும் எனக் கருதுதல் இதனால் பிழையாகிறது. பெரிய மணல்துகள் எண்ணெய்ப் படலத்தின் இடைவெளிக்குள் நுழைய இயலாமல் துடைப்பானின் உதட்டில் சிக்கி அதனைக் கிழிக்கும். கிழிந்த உதட்டின்வழி நுண்தூள் உள்ளே நுழையும். கடற்காற்றுக்குத் திறந்த சன்னல்களையுடைய பட்டறையில், பொறி இயங்காத விடுமுறை நாள்களிலும் இப்படிவு தொடரும்.

இரண்டாவது உப்பு. அலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் உலர்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது ஈரத்தை ஈர்த்துக் கரைசலாக மாறும் இயல்புடையது. கடற்கரையின் இரவிலும் விடியற்காலையிலும் அந்த எல்லை எளிதில் கடக்கப்படுகிறது; ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பகலிலும் கடக்கப்படுகிறது. தடத்தில் படிந்த உப்பு இவ்வாறு கரைந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு என்பது நிறமாற்றம் மட்டுமன்று. சிவப்பு இரும்பு ஆக்சைடு உலோகத்தையும் கண்ணாடியையும் மெருகேற்றும் தூளாகவே பயன்படும் பொருள். ஆகவே தடம் தன்னைத் தேய்க்கும் தூளைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது.

இவ்விடத்தில் உறையின் இருமுகத்தன்மை புலப்படுகிறது. மூடிய துருத்தியுறை மணலைத் தடுக்கிறது; ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தை வெளியேற விடாது. நீரில் கலந்த குளிர்நீர்மம் மடிப்பின் உட்புறத்தில் தங்கி, இரவில் வெப்பநிலை குறையும்போது தடத்தின்மீது படியும். திறந்த தடத்தில் தோன்றும் துருவைத் தொழிலாளி அன்றே காண்பார். மூடிய தடத்தில் அது மாதக்கணக்கில் மறைந்திருக்கும். உள்நாட்டு நகரில் உறை என்பது பாதுகாப்பு. கடற்கரையில், கழற்றிப் பார்க்கப்படாத உறை ஒரு மறைப்பாகவும் மாறக்கூடும். அழுத்தக் காற்றால் சீவலை ஊதும் பழக்கமும் இவ்வாறே தீங்கிழைக்கிறது. தூரிகை சீவலைத் தடத்திலிருந்து வெளியே இழுக்கிறது. காற்றோ அதனைத் துடைப்பானின் அடியிலும் மடிப்பின் இடுக்கிலும் செலுத்துகிறது.

7. பொறுப்பின் இடமாற்றம்

தொகுத்து நோக்கின், உறையின் வரலாறு பொறுப்பு இடம்மாறிய வரலாறாகும். திறந்த தடத்தின் காலத்தில் தடத்தைக் காத்தவர் தொழிலாளி. அவர் தவறினால் அதன் விளைவு அவர் கண்ணெதிரே தெரிந்தது. மூடிய தடத்தின் காலத்தில் காப்பது உறை. உறை தவறினால் அதன் விளைவு யாருக்கும் உடனே தெரிவதில்லை. ஆனால் விளைவைச் சுமப்பவர் மாறவில்லை. தேய்ந்த பொறியில் வெட்டிய பொருள் அளவு தவறினால், அதற்கு முதலில் கேள்விக்கு ஆளாகிறவர் பொறியை இயக்கியவரே.

இச்சிக்கல் பயிற்சிப் பட்டறையில் கூர்மையடைகிறது. அங்கு ஒரே பொறியைப் பல தலைமுறை மாணவர்கள் இயக்குகின்றனர். கற்றுக்கொள்ளும் கை தவறுதல் இயல்பு என்பதால், தடத்தின் பிழை மாணவரின் பிழையாக எண்ணப்படும் வாய்ப்பு மிகுதி. நடுவில் தேய்ந்த மேசையில் எவ்வளவு கவனமாகத் துருவினாலும் பரப்பு சமதளமாக அமையாது. அதற்காக மதிப்பெண் இழக்கும் மாணவர், தம் கையின் மீதே நம்பிக்கை இழக்கக்கூடும். செய்முறைத் தேர்வுக்குமுன் பொறியின் தடத்தை அளவிட்டுப் பதிவு செய்தல் ஒரு தொழில்நுட்ப நடவடிக்கை மட்டுமன்று. மதிப்பீட்டின் நேர்மைக்கும் அது தேவையாகிறது. ஷ்லெசிங்கர் வகுத்த சோதனை முறை பொறியை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான நேர்மைக்காக எழுந்தது. அதே முறை கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் இடையிலும் பயன்படத்தக்கது.

பராமரிப்புக்கு உரிய கால ஒழுங்கு தமிழகப் பட்டறை மரபிலேயே உள்ளது. புரட்டாசி அல்லது ஐப்பசியில் வரும் ஆயுத பூசையன்று பொறிகள் முழுமையாகத் துடைக்கப்பட்டுப் பொட்டிடப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஈரப்பதம் மிகும் காலத்திற்குச் சற்று முன்னரே இத்தூய்மை நாள் அமைகிறது. அந்நாளில் பொறியின் வெளிப்புறத்தைத் துடைப்பதோடு உறைகளையும் கழற்றி, துடைப்பான் உதடுகளைச் சோதித்து, தடத்தில் புதிய எண்ணெயிட்டு மூடினால், மரபுச் சடங்கு கடற்கரைப் பட்டறையின் ஆண்டுப் பராமரிப்பாகவும் அமையும். ஆண்டுக்கு ஒருமுறை போதாத இடத்தில் மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் மீண்டும் ஒருமுறை இதனைச் செய்தல் தகும்.

8. முடிவுரை

சறுக்குத்தட உறைகளின் வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

உறையின் ஒவ்வொரு வளர்ச்சிநிலையும் வெட்டுக்கருவியின் மாற்றத்திற்கான மறுமொழியாக அமைந்தது. கார்பன் எஃகின் காலத்தில் தூரிகையும் கம்பளியும், அதிவேக எஃகு, கார்பைடு ஆகியவற்றின் காலத்தில் துருத்தியுறையும் தகட்டுறையும், எண்வழிக் கட்டுப்பாட்டின் காலத்தில் முழு மறைப்பும் என இவ்வரிசை அமைகிறது.

உறை வளர வளரத் தடத்தைக் காக்கும் பொறுப்பு மனிதரிடமிருந்து அமைப்புக்கு மாறியது. எனினும் பிழையின் சுமை மனிதரிடமே தங்கியது. இவ்விடைவெளியைப் பயிற்சி நிறுவனங்கள் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

உள்நாட்டுச் சூழலில் உருவான பாதுகாப்பு முறை கடற்கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. காலாப்பட்டு போன்ற இடத்தில் மணலைத் தடுக்கும் இறுக்கமும் ஈரத்தை வெளியேற்றும் திறப்பும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. எளிதில் கழற்றத்தக்க, எண்ணெய் தாங்கும் பொருளாலான தட்டையான திரை இவ்விரண்டிற்கும் இடையே ஏற்புடைய ஒரு வழியாகும். சிறு பட்டறைகள் அனுபவத்தால் கண்ட வடிவமும் அதுவே. அவர்களிடம் இல்லாதது பொருத்தமான பொருள் மட்டுமே.

பொறியின் துல்லியம் பார்வைக்குப் படாத பரப்பில் தங்கியுள்ளது. அப்பரப்பை மூடி வைப்பது பாதுகாப்பின் முதற்படி. அதனைத் திறந்து பார்த்து அளவிடும் வழக்கத்தை நிலைநிறுத்துவது அதனை நிறைவு செய்யும் படியாகும்.